முதலில் எந்தக் கண்

பெரிய கண்ணுள்ள கைக்குழந்தையைப் பார்த்தால் என்னால் இன்றுவரை உடனே ரசிக்க முடிவதில்லை. கல்யாண வீட்டில் யாராவது பெருமையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "கண்ணைப் பாருங்க, எவ்வளவு அழகு" என்று காட்டினால்கூட, நான் மெல்ல அவர்களை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவேன். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தால்தான் எனக்கும் சிரிப்பு வரும். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று, கண் வைத்தியம் படிக்க வந்திருக்கிற உங்களில் ஒருவர் கேட்டீர்கள். ஒரு குழந்தை சொல்லிக்கொடுத்தது என்று பாதி பதில் சொல்லித் தப்பித்தேன். மீதிப் பாதி என் தவறு. அதையும் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

அப்போது நான் சித்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவின் உதவி சர்ஜன். முப்பது வயது ஆகவில்லை. மதராசில் படித்து அங்கேயே கண் மருத்துவப் பயிற்சியும் முடித்தவள். ஆந்திர மாநிலம் பிரிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. என்னோடு வேலை செய்த தமிழ் டாக்டர்களில் பலர் மதராஸ் பக்கம் மாற்றல் கேட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் பிறந்த ஊர் புத்தூர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எந்தப் பக்கம் போனாலும் பாதி வீட்டை விட்டுப் போவது போலத்தான். இருந்துவிட்டேன். எல்லையோரத்தில் எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்பது அப்போது தீரவில்லை. இன்றைக்கு ஊர்வலம், நாளைக்குக் கடையடைப்பு, மறுநாள் பஸ் இல்லை என்று போய்க்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து செங்கம்மா என்ற பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். அவளும் புருஷனும் கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள். மடியில் இரண்டு மாதப் பெண் குழந்தை. பெயர் வள்ளி. குழந்தையைப் பார்த்ததும் எங்கள் நர்ஸ்கள் சுற்றிக்கொண்டார்கள். அப்படி ஒரு கண். முகத்தில் வேறு எதுவும் இல்லை, கண்தான் இருக்கிறது என்பது போல. நானும் கன்னத்தைத் தட்டினேன்.

"எப்பவும் கண்ணுல தண்ணி வந்துகினே கீது டாக்டரம்மா" என்றாள் செங்கம்மா.

வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றது. குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிந்தால் பத்தில் ஒன்பது, கண்ணீர் இறங்கும் குழாய் அடைப்பு. உங்களுக்கும் தெரியும். மூக்கோரம் விரலால் நீவிவிடும் முறையைக் காட்டினேன்.

அவள் நகரவில்லை. "வெளிச்சத்தப் பாத்தா மொகத்த எம்மேல பொதச்சிகினு அழுவுது. வெயில்ல தூக்கினு போவ முடியல."

"சின்னக் குழந்தைங்க அப்படித்தாம்மா இருக்கும். ஒரு மாசம் கழிச்சு வா."

அவ்வளவுதான். நோய் எது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பாடப் புத்தகத்தில் இருக்கிற மூன்று அறிகுறிகளையும் என் மேஜை மேல் வைத்துவிட்டாள். பெரிய கண், நீர், வெளிச்சம் தாங்காமை. நான் கருவிழியை அளக்கவில்லை. விரலால் கண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒரு மாதம் என்று சொன்னேன். அவள் மூன்றாவது வாரமே வந்தாள். அன்று பஸ் இல்லை. பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் கரும்பு வண்டியில் வந்திருந்தாள். கால் முழுக்கப் புழுதி. குழந்தையின் முகத்தைப் புடவையால் மூடியிருந்தாள். விலக்கினேன். இடது கண்ணின் கருவிழி, கொதிக்கிற பானைக்கு மேலே பிடித்த கண்ணாடி போல மங்கிப் போயிருந்தது. வலது கண்ணிலும் ஓரத்தில் லேசாக மூட்டம். மூடிய இமை மேல் விரல் வைத்தேன். உள்ளே பாக்கு மாதிரி கெட்டியாக இருந்தது.

பிறவியிலேயே வருகிற கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் மூலை, பிறக்கும்போதே சரியாகத் திறக்காமல் போய்விடுகிறது. நீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. கைக்குழந்தையின் கண் மெல்லியது என்பதால் உப்பிப் பெரிதாகிறது. அதைத்தான் நாங்கள் எல்லாரும் அழகு என்று கொஞ்சினோம். சொட்டு மருந்தெல்லாம் இதற்குப் பத்தாது. அறுவை செய்தாக வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் பார்வை நரம்பு செத்துக்கொண்டிருக்கும்.

நான் சொன்னதை எல்லாம் செங்கம்மா கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போன தபா வந்தமே, அப்பவே இது இருந்துச்சா?"

பக்கத்தில் நர்ஸ் நின்றிருந்தாள். வராந்தாவில் ஆட்கள். அப்போது தெரிந்திருக்காதம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பியிருப்பாள். அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது.

"இருந்தது. நீ சொன்னதை நான் கவனிக்கல. தப்பு என்னுது."

கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். குழந்தையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுங்க."

நேர்மையாக இருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அன்று ஒரு முறை இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு லாபத்தைச் சொல்கிறேன். அந்த நிமிஷத்துக்குப் பிறகு அவளிடம் எதையும் மறைக்க வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. மறைக்கிற வேலை இல்லாதபோதுதான் மூளை நோயைப் பற்றி மட்டும் யோசிக்கிறது.

யோசித்தேன். மதராசுக்கு அனுப்பினால் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மறியலால் அந்தப் பக்கம் பஸ்ஸும் ரயிலும் ஓடி நான்கு நாள் ஆகியிருந்தது. எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. சித்தூரில் கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர் இல்லை. திருப்பதியில் ஒருவர் இருந்தார். பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அறுவைக்கு வேண்டிய சிறு கத்தியும், கண்ணின் மூலையைப் பார்க்கக் கருவிழி மேல் வைக்கிற லென்சும் என்னிடம் சொந்தமாக இருந்தன. அனுபவம்தான் குறைவு. மதராசில் ஐந்தாறு முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். இரண்டு முறை நானே செய்தேன், ஆசிரியர் தோளோடு தோளாக நிற்க.

மறுநாள் காலை ரயிலில் நாங்கள் மூவரும் கிளம்பினோம். முந்தின நாள் அவளோடு நடந்து வந்திருந்த புருஷன், வேலையை விட்டு மேலே வர முடியாமல் ஸ்டேஷனோடு நின்றுவிட்டான். பெட்டியில் நாலைந்து பேர் எல்லைத் தகராறு பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் செங்கம்மாவைப் பார்த்து, "உங்க ஊரு எந்தப் பக்கம் போவுதாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும். எம்புள்ளைக்குக் கண்ணு தெரியணும்" என்றாள். ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, முகம் மூடிய குழந்தையை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த மனிதரே எழுந்து மற்ற ஜன்னல் பலகைகளையும் இறக்கினார். திருப்பதி வரும்வரை அந்தப் புழுக்கத்தில் எல்லாரும் துண்டால் விசிறிக்கொண்டு வந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் தெலுங்குக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். கொஞ்சம்தான் பேசுவார், பேசினால் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். குழந்தையின் நெஞ்சில் வெகுநேரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தார். லேசாகச் சளி இருக்கிறது என்றார். அப்புறம் என்னைத் தனியாக அழைத்தார்.

"அம்மா, ஒரு நிபந்தனை. நான் 'ஆபண்டி'ன்னு சொன்னா, கத்தி எங்க இருந்தாலும் வெளியே வரணும். ஏன்னு கேக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம்னு சொல்லக் கூடாது."

ஆபண்டி என்றால் நிறுத்துங்கள். சரி என்றேன்.

"ரெண்டாவது. ஒரு கண்ணுக்கு மட்டும்தான் நேரம் கெடைக்கும்னு வெச்சுக்கோங்க. முதல்ல எந்தக் கண்?"

"இடது" என்றேன், யோசிக்காமல். "அதுதான் மோசமா இருக்கு."

அவர் தலையாட்டவில்லை. "மூட்டம் போட்ட கண்ணுல உள்ளே தெரியுமா உங்களுக்கு?"

"சிரமம்தான்."

"வலதுல தெரியும். அப்போ இடதுன்னு சொன்னது பாப்பாவுக்காகவா, உங்களுக்காகவா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. செங்கம்மாவிடம் நான் ஒத்துக்கொண்டதை நானே அவரிடம் சொல்லியிருந்தேன். நான் கோட்டை விட்டது இடது கண்ணை. அதை மீட்டுவிட்டால் என் தவறு அழிந்துவிடும் என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. குழந்தைக்கு வேண்டியது வேறு. ஒரே ஒரு கண்தான் மிஞ்சும் என்றால், மிஞ்சக்கூடிய கண் எதுவோ அதில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

"வலது" என்றேன்.

"மஞ்சிதி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நல்லது என்று அர்த்தம். எனக்கு வாத்தியார்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் கற்றுக்கொடுத்ததை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. கத்தியை எடுக்கும் முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், இது யாருக்காக என்று.

அறுவையின் படிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலது கண்ணில் எல்லாம் தெரிந்தது. கத்தியின் முனை எதிர்ப்பக்க மூலையைத் தொட்டு நகர நகர, அதன் பின்னாலேயே, அடைப்பு திறந்ததற்கு அடையாளமாக, வெள்ளைக் கோடு ஒன்று விரிந்தது. ஒட்டிக்கொண்டிருந்த திரை பின்வாங்கி இறங்கியது. பார்க்க வேண்டிய காட்சி அது. ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். கத்தியை வெளியே எடுத்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

ஒரே நாளில் இரண்டு கண்ணையும் தொடாதே என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஒன்றில் கிருமி புகுந்தால் இரண்டும் போகும். ஆனால் இந்தக் குழந்தையை இன்னொரு முறை இவ்வளவு தூரம் கொண்டுவர முடியுமா, அதற்குள் இடது கண் தாங்குமா என்று தெரியாது. தலைமாட்டில் இருந்த டாக்டரைப் பார்த்தேன். நாடியில் விரல் வைத்தபடி, போகலாம் என்று கண்ணைக் காட்டினார். கையுறை, கருவிகள், துணி எல்லாவற்றையும் மாற்றினோம். புதிதாக ஒரு நோயாளி மேஜைக்கு வந்தது போல முதலிலிருந்து தொடங்கினேன்.

இடது கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்த பிறகு கொஞ்சம் வழி தெரிந்தது. பனியில் ரோடு தெரிகிற மாதிரி. கத்தி உள்ளே போனது. மூலையைத் தொட்டேன். வெள்ளைக் கோடு வர ஆரம்பித்தது. பாதி தூரம் போயிருப்பேன்.

"ஆபண்டி."

குரல் உயரவில்லை. என் கை மட்டும் நிற்க மறுத்தது. இன்னும் ஒரு நெல் நீளம்கூட இல்லை. மூன்று விநாடி போதும். இப்போது எடுத்தால் திரும்பவும் மயக்கம் கொடுத்து, திரும்பவும் கண்ணைத் திறக்க வேண்டும். இதெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. கத்தியை வெளியே எடுத்ததுதான் நினைவில் இல்லை. எடுத்திருந்தேன்.

துணியை விலக்கினார்கள். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு அசையவில்லை. அவர் ஈதர் முகமூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, தாடையைத் தூக்கிப் பிடித்து, தொண்டையில் இருந்த சளியைக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். ஆக்சிஜன் பையை இரண்டு விரலால் அமுக்கினார். அமுக்கி விட்டார், அமுக்கி விட்டார். நான் எதிரே கையைக் கோத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஒரு சர்ஜனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முதலில் காது மடலில் சிவப்பு வந்தது. பிறகு உதட்டில். பிறகு குழந்தை இருமி, ஓவென்று அழுதது.

வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். செங்கம்மா. அழுகை கேட்டதும் உள்ளே வரப் பார்த்தாளாம்.

மயக்க மருந்து டாக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மூணு விநாடி இருந்திருந்தா..." என்று நான் ஆரம்பித்தேன். எனக்கு அந்தப் பாதி வெட்டு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"பாப்பா இருந்தா கண்ணை நாளைக்கும் வெட்டலாம் அம்மா" என்றார்.

வெளியே வந்து செங்கம்மாவிடம் வலது கண் முடிந்தது, இடது கண் பாதிதான் முடிந்தது, நடுவில் மூச்சு நின்றது, திரும்பி வந்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். "பாலு குடுக்கலாமா?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் திருப்பதியிலேயே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இருந்தேன். கட்டு பிரித்த அன்று வலது கண்ணில் அடியில் மெல்லிய ரத்தக் கோடு. இரண்டு மூன்று நாளில் அதுவும் கரைந்தது. இமை மேல் விரல் வைத்துப் பார்த்தால் பாக்கு இல்லை. தொட்டால் மெத்தென்று உள்வாங்கியது. மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். நம்பாமல் அவரையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். "நான் மயக்கம் குடுக்கிறவன், எனக்கு இன்னா தெரியும்" என்று சிரித்துக்கொண்டே தொட்டுப் பார்த்தார். வராந்தா வெளிச்சத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். முகத்தைப் புதைக்கவில்லை. வலது கண்ணைத் திறந்து, செங்கம்மாவின் மூக்குத்தியைப் பார்த்தது. கையை நீட்டித் தடவியது.

"என்னத்தான் பாக்குது" என்றாள் செங்கம்மா. "டாக்டரம்மா, என்னத்தான் பாக்குது." அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சளி நன்றாகத் தீர்ந்த பிறகு, ஐந்து வாரம் கழித்து, இடது கண்ணின் மீதிப் பாதியை அதே மேஜையில் முடித்தோம். அந்த முறை ஒரு தடங்கலும் இல்லை. அழுத்தம் இறங்கியது. ஆனால் கருவிழியில் தழும்பாக ஒரு மேகம் நின்றுவிட்டது. மூளை நல்ல கண்ணை மட்டுமே நம்பிப் பழகிவிடும், இதைச் சோம்பேறியாக விட்டுவிடும். அதனால் தினம் சில மணி நேரம் நல்ல கண்ணைக் கட்டிவிட வேண்டும் என்று செங்கம்மாவிடம் சொன்னேன். நினைத்துப் பாருங்கள். போராடி மீட்ட கண்ணைத் தன் கையாலேயே கட்டச் சொல்கிறேன். குழந்தை கத்தும், பிய்த்து எறியும், தடுமாறி விழும். அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள்! வருஷக்கணக்கில் கட்டினாள். தோட்டத்துக்குப் போகும்போதும் கட்டித்தான் கூட்டிப் போவாளாம். உங்களில் யாராவது அறுவை முடிந்ததோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்தால், செங்கம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். என் பங்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

இதற்கு நடுவில் எல்லை தீர்ந்தது. அவள் கிராமம் மதராஸ் பக்கம் போயிற்று. இனி மதராசில் காட்டிக்கொள்ளலாம், அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கடிதம் தருகிறேன் என்றேன்.

"வேற டாக்டரு கேட்டா முதல்லேந்து சொல்லணும். உங்களுக்குத் தெரியுமே" என்றாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சித்தூருக்கே வந்தாள்.

அப்படி ஒரு முறை வந்தபோது வள்ளிக்கு நான்கு வயது தாண்டியிருந்தது. மைனஸ் பவர் கண்ணாடி போட்டு, மூக்கு நுனிக்கு இறங்கியதை ஏற்றிவிட்டுக்கொண்டே வந்து என் எதிரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். வலது கண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், கை அசைப்பது தெரியும் என்று அதுவரை எழுதி வைத்திருந்தேன். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை. வலது கண்ணை அட்டையால் மறைத்து, செங்கம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எழுத்து தெரியாத வயது. நான் நான்கு அடி பின்னால் போய் நின்று, "என்ன தெரியுதுடா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் கழுத்தை நீட்டி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். அவசரப்படவில்லை.

"உங்க கோட்டுல ஒரு பொத்தான் காணோம்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது. காலையில் மாட்டும்போது நானே கவனிக்கவில்லை. செங்கம்மா எட்டிப் பார்த்தாள், நர்ஸ் வந்து பார்த்தாள், வரிசையில் முன்னால் நின்ற கிழவர் ஒருவரும் தலையை நீட்டினார். எல்லாரும் என் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ முதலில் சிரித்தார்கள். அட்டையை எடுக்க மறந்து செங்கம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.